உள்ளான் முட்டை

லாங்கிரிட்ஜ் துரைக்கு மீன் பாடுவது கேட்காது.
இடது காது முழுச் செவிடு,
வலது காது பறவைகளுக்கு மட்டும்.
நிலா நாளில் தோணி கேட்டு வரும் துரைமாருக்குப்
புளியந்தீவில் குறைவில்லை.
இவர் கேட்டது சேறு.
சப்பாத்தோடு முழங்கால் புதைய இறங்கி
தூரக்கண்ணாடியும் தானுமாய் நிற்பார்.
மணி பத்தடித்தால் கோட்டைக்குள் கச்சேரி.
மேசைக்கடியில் சேறு காய்ந்து உதிரும்.
அதைக் கூட்டுவது என் வேலை அல்ல.
எலியாசர் சின்னையா, இரண்டாம் மொழிபெயர்ப்பாளன்.
சம்பளம் இருபத்தைந்து ரூபாய், சொற்களுக்கு.

அன்று ஓட்டமாவடி ஆதம்லெவ்வை.
வாவியோரம் தானாய் விளைந்த உப்பை
இரண்டு சாக்கு அள்ளிய குற்றம்.
தானாய் விளைந்தாலும் அரசாங்க உப்பு.
அபராதம் ஐந்து ரூபாய், தோணி பறிமுதல்.
தமிழில் சொன்னேன்.
"மறுகா?" என்றான்.
மறுகா ஒன்றுமில்லை என்றேன்.

அந்நேரம்தான் தபால் வந்தது.
சுருட்டுத் தகரம், பஞ்சு,
பஞ்சுக்குள் ஊதி வெறுமையாக்கிய ஒரு முட்டை:
பாசி நிறம், காவிப் புள்ளி, ஒரு முனை கூர்.

அனுப்பியவர் துரையின் தமையன்.
அவரும் துரைதான்,
பூமியின் உச்சந்தலையில் ஏதோ பனித்தீவுக்கு.
செவிடர் பழக்கம், கடிதத்தை வாய்விட்டு வாசித்தார்.
மூன்று மாதம் ஒரே இரவாம்.
மை உறைவதால் குப்பியைக் கம்புக்கூட்டில் வைத்து எழுதுகிறாராம்.
வருட வரவு நானூறு கடல்நாய்த் தோல்.
தோல் ஒளித்தவனுக்கு அபராதம், துவக்குப் பறிமுதல்.
அடுத்த வரியே ஒரு மஞ்சள் பூ,
அதன் இதழ் எண்ணிக்கை.
சூரியன் சாயாத கோடையில்
சதுப்பில் வயிற்றால் ஊர்ந்து
இந்தக் கூட்டைக் கண்டாராம்.
'உன் சேற்றில் நிற்பதும் இதுவே, தம்பி.'

துரை தகரத்தை ஆதம்லெவ்வையிடம் நீட்டினார்.
"இவன் இதைக் கண்டதுண்டா, கேள்."
அவருக்கு ஒன்பது பெயர், ஒன்பதும் லத்தீன்.
நமக்கு எல்லாம் உள்ளான்.
ஆதம்லெவ்வை கையைச் சாரத்தில் துடைத்தான்,
ஆனால் தொடவில்லை.
"ஐப்பசியில வரும்.
சித்திரையில நெஞ்சு சிவந்தாப் போயிரும்.
கூடு நான் கண்டதில்ல, எங்கட வாப்பாவும் கண்டதில்ல.
அங்கயா பொரிக்கிது?"
அதுவரை சரியாகச் சொன்னேன்.
துரை 'நெஞ்சு சிவந்தால்' என்பதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு அவன் கேட்டான்:
"அங்க அண்ணன், இஞ்ச தம்பி.
இந்தக் குருவி எவருக்கு வரி கட்டுது?"

துரை வலது காதைத் திருப்பினார்.
ஆண்டவன் படைப்பை எண்ணி வியக்கிறான், ஐயா
என்றேன்.
அப்படியே நாட்குறிப்பில் ஏறிற்று.
ஐந்து ரூபாய் மூன்றானது.
தோணி திரும்பவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை.
அந்தப் பனித்தீவிலும் ஒருவன் நிற்பான்,
தோலுடுப்போடு, மேசையின் இடப்பக்கம்.
துவக்கை இழந்தவன் கேட்டதை
அவன் என்னவென்று சொல்லியிருப்பான்?
காலையில் கோப்பில் கட்டுமுன்
கடிதத்தை மறுபடி பார்த்தேன்.
கடைசிப் பக்கத்தில் இருந்தது:
'இங்குள்ளவர்கள் நன்றியுள்ள மக்கள்.'
அந்த வரியில் அவனை எனக்கு அடையாளம் தெரிந்தது.

சித்திரையில் துரைக்கு மாற்றல்.
கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருந்தது.
முப்பத்திரண்டு பெட்டி, உள்ளே பஞ்சு திணித்த பறவைகள்,
ஒவ்வொன்றின் காலிலும் துண்டுச்சீட்டு.
முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
கப்பலுக்குப் போகும் படகில் ஏறும்போது
குனிந்தார்.
ஒரு சின்னச் சத்தம். எனக்குக் கேட்டது.
அவருக்கு இடதுபக்கம்.

தகரம் என்னிடம் இருக்கிறது,
முத்திரை அரக்கு வைத்திருக்கிறேன்.
புது துரைக்குப் பறவையும் இல்லை மீனும் இல்லை,
பந்தாட்டம்.

ஐப்பசி, முதல் மழை விட்ட காலை.
ஆதம்லெவ்வை யாருடையதோ தோணியில் வந்து
கோட்டைச் சுவரடியில் நிறுத்தினான்.
"வந்திட்டுது," என்றான், "எழுதிக்கங்க."
சேற்றில் முந்நூறு, நானூறு இருக்கும்.
ஒன்றின் நெஞ்சிலும் சிவப்பில்லை.
நான் எண்ணத் தொடங்கினேன்.
மணி பத்தடித்தது.